குழுக் கத்தி: யாரிடம் செய்யக் கொடுப்பது, எவ்வளவு வரை போகலாம்?

பொதிகை_வாசி (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, குழுவுக்கென்று பழைய பாணியில் ஒரு மடக்குக்கத்தி செய்யச் சொல்லலாம் என்று பேசிவந்தோம். இப்போது நாற்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். பூட்டு கிடையாது, பின் ஸ்பிரிங் மட்டும் உள்ள ஸ்லிப்ஜாயிண்ட். ஒரே அலகு, நகக்குழியில் பிடித்துத் திறப்பது. கைப்பிடி வைரம் பாய்ந்த பனை. இதுவரை எல்லோருக்கும் சம்மதம்.

பாக்கி இருப்பது இரண்டு: யார் செய்வது, ஒரு கத்திக்கு எவ்வளவு. ஒன்றை விட்டு இன்னொன்றைப் பேச முடியாது என்பதால் ஒரே இழையில் வைக்கிறேன். பாதிப் பேர் பிரிட்டனில் இருப்பதால் கணக்கைப் பவுண்டிலேயே போடுவோம். நான் வைக்கும் எல்லை, தபால் சேர்க்காமல் 100 பவுண்டு. அதைத் தாண்டினால் நம்மில் படித்துக்கொண்டிருப்பவர்கள் விலகிவிடுவார்கள். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் கத்தியில் எனக்கு விருப்பம் இல்லை.

வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். விளம்பரத்தில் உள்ளதை எல்லோரும் படித்தாயிற்று.

பிட்ஸ்பர்க்_தம்பி

நான் பென்சில்வேனியாவில் இருப்பதால் இங்கிருந்து தொடங்குகிறேன்.

டைட்டஸ்வில்லில் 2006இல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரியின் கத்திகள் நம்மில் பலரிடம் உண்டு. நார்த்ஃபீல்ட், டிடியூட் என்ற முத்திரைகளில் வருபவை. பெரும்பாலும் 1095 கார்பன் எஃகு. ஸ்பிரிங்கும் அலகும் உட்காரும் விதத்தில் இந்த விலைக்கு அதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் அவர்கள் டீலர்கள் வழியாகவே விற்கிறார்கள். தனி ஆர்டரும் ஒரு டீலரின் பெயரில்தான் போகும், அவருடைய பங்கும் விலையில் ஏறும். இன்னொரு சங்கடமும் உண்டு. இவர்களுடைய கத்தி வெளிவந்ததும் வாங்கி, இரட்டை விலைக்கு விற்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. நம் குழுவின் பெயர் பொறித்த கத்தி அந்தச் சந்தையில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

அடுத்தது இதே மாநிலத்தில் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம். 1889இல் தொடங்கியது, 1993 முதல் லைட்டர் செய்யும் ஜிப்போவின் கையில். கேஸ் கத்தியின் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பது புரியும். 6254 என்றால் முதல் 6 செதுக்கிய எலும்புக் கைப்பிடி, 2 இரண்டு அலகு, 54 டிராப்பர் வடிவம். இந்த மாதிரி ஏற்கெனவே உள்ள சட்டத்தில் கைப்பிடியை மட்டும் மாற்றிக் கேட்பது அவர்களுக்குப் பழகிய வேலைதான். ஆனால் நாற்பதே கத்திக்காக, கையாண்டு பழகாத ஒரு கட்டையை ஆலை வரிசையில் ஏற்றுவார்களா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

டைட்டஸ்வில்லில் குயின் என்ற பழைய நிறுவனமும் இருந்தது. 2018இல் மூடிவிட்டார்கள். முன்பணம் பற்றிப் பேசும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

லீட்ஸ்_வாசி

அப்படியானால் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட். எனக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்.

கத்தி வடிவம் இன்னும் முடிவாகவில்லை என்றால் லாம்ப்ஃபூட் அலகைப் பார்க்கச் சொல்வேன். கூர்ப்பக்கம் நேர்கோடு, முதுகு மட்டும் முனையை நோக்கி மெல்ல இறங்கும். பழம் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ இதைவிட வசதியான அலகை நான் பையில் வைத்ததில்லை. நேர்கோடு என்பதால் சாணைக்கல்லில் தீட்டுவதும் சுலபம். ஷெஃபீல்டில் இது தலைமுறைகளாக வரும் வடிவம், அச்சுகள் தயாராகவே உள்ளன.

அங்கே தொழில் நடந்த முறை கொஞ்சம் தனி. அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுபவர் இன்னொருவர். தனித்தனிப் பட்டறைகளில் வாடகைக்கு இடம் பிடித்து வேலை செய்த இவர்களைத்தான் லிட்டில் மெஸ்டர் என்பார்கள். 2021இல் மறைந்த ஸ்டான் ஷா அந்த வரிசையில் வந்த பெரிய கைகாரர். ஏ. ரைட் அண்ட் சன், டெய்லர்ஸ் ஐ விட்னஸ் போன்ற நிறுவனங்கள் அந்த ஊர்ப் பெயரை இன்றும் காப்பாற்றி வருகின்றன.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஷெஃபீல்ட் நிறுவனங்களின் சாதாரண விலைக் கத்தியில் கைவேலை ஒரே சீராக இருக்காது. பத்து கத்தி எடுத்தால் சிலவற்றில் அலகு நடுவில் நிற்காது, சிலவற்றில் ஸ்பிரிங்குக்கும் கைப்பிடியின் உள்தகட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். கூடுதலாக நேரம் கொடுத்து, அதற்கான கூலியும் கொடுத்தால் அதே பட்டறையில் அருமையான கத்தி வரும். நாம் பேரம் பேசவேண்டியது அந்த நேரத்துக்கு.

எஃகுப்_பித்தன்

நாற்பது பேர் கூடிச் செய்யும்போது சாதாரண கார்பன் எஃகா? இத்தாலியின் மானியாகோவில் லயன்ஸ்டீல் நிறுவனத்தார் எம்390 என்ற உயர்வகை எஃகில் ஸ்லிப்ஜாயிண்ட் செய்கிறார்கள். இயந்திரத் துல்லியம், ஒரு கத்திக்கும் அடுத்த கத்திக்கும் வித்தியாசமே தெரியாது. கூர் எவ்வளவு நாள் நிற்கும் என்று யோசியுங்கள். 100 என்ற எல்லையை 160 ஆக்கினால் இந்தப் பேச்சே தேவையில்லை.

பொதிகை_வாசி

தம்பி, எல்லை 100தான். அதை உயர்த்துவதாக இருந்தால் நாற்பது பேரிடமும் மறுபடி கேட்கவேண்டும்.

கொங்கு_தச்சன்

எஃகைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கட்டையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கத்தியில் உடையப்போவது ஏதாவது இருந்தால் அது பனைதான்.

பனைக்கு மற்ற மரங்களைப் போல ஆண்டு வளையம் கிடையாது. கறுப்பு நார்க்கட்டுகள், இடையில் வெளிர் நிறச் சோறு, அவ்வளவுதான். நார்கள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக இளகியும் இருக்கும். அதனால் வெளிச்சுற்று மட்டுமே பிடிக்கு ஆகும். இழைத்தால் நார் கிளம்பும், ஆணி அடித்தால் நார் ஓட்டத்திலேயே பிளக்கும். மடக்குக்கத்தியில் பித்தளை ஆணியைத் தட்டி விரிக்கும்போது ஓட்டைக்குள் ஆணி தடிக்கும். சாதாரண மரம் அதைத் தாங்கும், பனை தாங்காது.

தீர்வு உண்டு. துண்டுகளை நன்றாகக் காயவைத்து, வெற்றிடத்தில் பிசின் ஏற்றி, சூட்டில் இறுகவைக்கவேண்டும். ஓட்டையை முன்கூட்டியே துளைத்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தினால் விரியும் ஆணிக்கு இடம் கிடைக்கும். பூட்டுபவர் இதை ஏற்றுக்கொள்ளவேண்டும். ஏற்காதவரிடம் பனையைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு பெயர்பெற்றவராக இருந்தாலும் சரி.

கத்திக்கு இரண்டு துண்டு என்றால் எண்பது வேண்டும். நான் 110 அறுத்து அனுப்புவேன். உடைவதற்கும், நிறம் ஜோடி சேர்ப்பதற்கும் உபரி தேவை. மரம் வெட்டப்போவதில்லை. தமிழ்நாட்டில் பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அறிவித்திருக்கிறார்கள், அது நல்ல விஷயமும்கூட. ஓட்டு வீடு பிரிக்கும் இடத்தில் பழைய பனங்கைகள் கிடைக்கின்றன. அறுபது எழுபது வருடம் கூரையில் காய்ந்த கட்டையைவிட நல்ல கட்டை எங்கே கிடைக்கும்?

ஹாம்பர்க்_அக்கா

தச்சன் அண்ணா சொன்னதைப் படித்ததும் பனை மேல் இருந்த பயம் போய்விட்டது. நானே முதலில் ரோஸ்வுட் கேட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். 2017இலிருந்து அந்த மர இனம் முழுவதும், அழியும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது, நாடு விட்டு நாடு அனுப்பும்போது காகிதத் தொல்லை. செம்மரம் கேட்டவர்களுக்கும் இதே பதில்தான், இன்னும் கண்டிப்பாக. சாம்பார் மான் கொம்பு கேட்டவர்கள் கவனிக்க: ஒரு காலத்தில் ஷெஃபீல்ட் பட்டறைகளுக்கு அந்தக் கொம்பும் எருமைக் கொம்பும் இந்தியாவிலிருந்துதான் கப்பலில் போயின. 1990களின் கடைசியில் இந்தியா மான் கொம்பு வியாபாரத்தையே தடை செய்துவிட்டது. பனைக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பட்டை இல்லாமல், பிசின் ஏற்றி அனுப்புங்கள். பிரிட்டனின் தாவர நல விதியை அதற்குமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் விஷயத்தில் ஜெர்மனியின் ஜோலிங்கனை மறக்கவேண்டாம். ஜோலிங்கன் என்று முத்திரை இட, முக்கிய வேலைகள் அந்த ஊரில் நடந்திருக்கவேண்டும் என்று 1938இலேயே சட்டம் போட்டார்கள். ஒட்டர் மாதிரியான நிறுவனங்களிடம் பழைய வடிவங்கள் உள்ளன. பிரான்ஸில் லாகியோல் என்ற கத்திப் பெயருக்கு நீண்ட காலம் ஊர் சார்ந்த பாதுகாப்பு இல்லாததால், அந்தப் பெயரில் வருவதெல்லாம் பிரான்ஸில் செய்தது ஆகாது. தியேர் ஊரில் கைவேலை உயர்ந்தது, நம் எல்லைக்குள் வராது என்பது என் அனுமானம்.

சட்டம் பற்றி ஒரு வரி. பிரிட்டனில் பூட்டாத, வெட்டுமுனை 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளுக்குத்தான் கட்டுப்பாடு கடுமை. ஆக, அலகு 3 அங்குலத்துக்குள், பூட்டு இல்லை என்பதில் மாற்றமே வேண்டாம்.

மலிவு_விலை

எல்லோரும் ஐரோப்பாவையே பார்க்கிறீர்கள். பாகிஸ்தானில் வசிராபாத் கத்திக்குப் பேர்போன ஊர். இதைவிட மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம். நாற்பது பேர் நூறு பேர் ஆவார்கள்.

லீட்ஸ்_வாசி

வசிராபாத்தில் தொழில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அங்கே போய் முதல் கத்தியைக் கையில் வாங்கித் திறந்து மூடிப் பார்க்க நம்மில் யார் இருக்கிறோம்? குழு ஆர்டரில் பணம் மாட்டுவது அந்த இடத்தில்தான். சில வருடங்களுக்கு முன் வேறொரு குழுவில், தனியாளாக வேலை செய்யும் ஒருவரிடம் முழுத்தொகையையும் கொடுத்தோம். ஊர் பெயர் சொல்லவில்லை. நல்ல மனிதர், நல்ல கை. உடம்புக்கு முடியாமல் போய், பாதிக் கத்திதான் வந்தது. அது ஏமாற்று அல்ல. ஆனால் நேரில் போய்ப் பார்த்துவந்த ஒருவர் இருந்திருந்தால் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்கும்.

யார் பெயர் பெரியது என்பதைவிட, நம்மில் ஒருவர் கதவைத் தட்டிப் போகக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம் என்பது என் கருத்து.

கணக்குப்பிள்ளை

இனி விலை. கற்பனை எண்களை வைத்துத்தான் போடுகிறேன். பட்டறையிலிருந்து பதில் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

கூடுதல் கைவேலையும் சேர்த்துத் தயாரிப்பாளர் விலை ஒரு கத்திக்கு 70 பவுண்டு என்று வைப்போம். பனை அறுத்து, பிசின் ஏற்றி, அனுப்ப மொத்தம் 360 பவுண்டு. நாற்பதால் வகுத்தால் 9. அலகில் குழுக்குறி பொறிக்கும் செலவு மொத்தம் 160, ஆளுக்கு 4. பழுதான கத்தியை மாற்ற ஒதுக்கீடு 5. பணம் அனுப்பும் கட்டணம் 2. ஆக 90.

பாதி வழியில் பதினைந்து பேர் விலகினால் என்ன ஆகும்? பனைச் செலவு ஆளுக்கு 14.40, குறி 6.40, மற்றவை அப்படியே. 97.80. தாங்கலாம். காரணம், நாம் அவர்களுடைய பழைய கத்தி வடிவத்தையே எடுக்கிறோம். புதிய வடிவம் கேட்டு, அச்சுக்கு மட்டும் 3,000 பவுண்டு என்று வந்தால் நாற்பது பேருக்கே ஆளுக்கு 75 ஏறும், இருபத்தைந்து பேருக்கு 120. கத்தியைவிட அச்சு விலை அதிகம் ஆகிவிடும். லேசரில் வெட்டி அச்சைத் தவிர்க்கலாம் என்பார்கள், அது வெட்டும் செலவை மட்டும்தான் குறைக்கும். புது வடிவத்தில் ஸ்பிரிங்கைச் சரிசெய்து பார்க்கப் பூட்டுபவர் செலவிடும் நாட்களுக்கும் கூலி உண்டு. ஆகவே எஃகுப்பித்தன் தம்பி, வடிவத்தை மாற்றுகிறேன் என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள்.

வரி தனி. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு 20 சதவீத வாட், அந்த 70க்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்கவேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த வாட் இருக்காது, போய்ச் சேரும் நாட்டில் வரி வரும். அமெரிக்காவில் 800 டாலருக்குக் கீழே வரி இல்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் நின்றுவிட்டது. எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் உண்மை விலையை எழுதுங்கள். குறைத்து எழுதச் சொல்லி யாரும் கேட்கவேண்டாம்.

வேளச்சேரி_அக்கா

கார்பன் எஃகின் மேல் படியும் நீலச் சாம்பல் நிறம் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கடற்காற்றில் அது நீலத்தோடு நிற்காது, துருவாகிவிடும். அதே வடிவத்தில் துருப்பிடிக்காத எஃகும் கேட்டுப் பாருங்கள். கார்பன்தான் வேண்டும் என்பவர்கள் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு மூட்டில் விட்டுவையுங்கள். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்கு ஏறும்.

இன்னொரு விஷயம். அப்பாவுக்கும் ஒன்று வாங்குகிறேன், அவருக்கு எழுபத்திரண்டு வயது. விரல் மூட்டு வலி. ஸ்பிரிங் ரொம்ப இறுக்கமாக இருந்தால் நகம்தான் பெயரும். நடுத்தர இறுக்கம் என்று எழுதிக் கொடுங்கள், நகக்குழியும் ஆழமாக இருக்கட்டும்.

அப்புறம், இந்தியாவுக்குத் தபால் வேண்டாம். ஊருக்கு வருகிறவர்கள் செக்-இன் பெட்டியில் கொண்டுவந்தால் போதும். கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.

எஃகுப்_பித்தன்

கணக்கைப் பார்த்தபின் எம்390 கேட்கவில்லை. ஆனால் பட்டறைக்கு எழுதும் கடிதத்தில் ஒன்றைச் சேருங்கள். லாம்ப்ஃபூட் போன்ற நேர் அலகில், மூடும்போது முனைக்கு அருகே கூர்ப்பகுதி ஸ்பிரிங்கின் உட்பக்கத்தில் இடிக்கும் ஆபத்து உண்டு. அலகின் அடியில் உள்ள கிக் என்ற சிறு மேடு போதிய உயரத்தில் இருந்தால் இடிக்காது. முதல் கத்தியில் இதை மெழுகு தடவிச் சோதிக்கலாம். ஸ்பிரிங்கின் உட்பக்கத்தில் மெல்ல மெழுகு பூசி, அலகைத் தானாக விழவிட்டு மூடுங்கள். மெழுகில் கீறல் விழுந்தால் கிக் போதாது.

லீட்ஸ்_வாசி

அருமையான சோதனை. சேர்த்துவிடுகிறேன். நான் எழுதிவைத்திருக்கும் மற்றவை: அலகு இரண்டு பக்கமும் தகட்டைத் தொடக்கூடாது. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் ஸ்பிரிங் முதுகு மட்டமாக இருக்கவேண்டும். கட்டைக்கும் போல்ஸ்டர் என்ற உலோக முனைக்கும் இடையே வெளிச்சம் தெரியக்கூடாது. முதலில் இரண்டு மாதிரிக் கத்தி, அதற்கு முழு விலை கொடுப்போம். அதை நான் கையில் பார்த்த பிறகு மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி கத்திகள் தயாரானதும்.

பிட்ஸ்பர்க்_தம்பி

எனக்குச் சம்மதம். இங்கே இருந்து ஒன்பது பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெட்டியாக என் முகவரிக்கு அனுப்பினால் உள்ளூரில் நான் பிரித்து அனுப்புகிறேன்.

லீட்ஸ்_வாசி

சனிக்கிழமை ஷெஃபீல்டுக்கு நேரில் போய்வந்தேன். பெரிய நிறுவனம் அல்ல, நான்கு பேர் வேலை செய்யும் பட்டறை. விலை உறுதியாகும் வரை பெயரை இங்கே போடவில்லை. பூட்டுபவரிடம் தச்சன் அண்ணா எழுதியதைச் சொல்லி, கொண்டுபோன பனைத்துண்டைக் கொடுத்தேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு ஓரத்தில் துளைத்து ஆணி விரித்துக் காட்டினார். பிளக்கவில்லை. நாங்களே கட்டை அனுப்புவதால் உடைவதற்கு அவர்கள் பொறுப்பேற்கமாட்டார்கள், 110 துண்டு போதும் என்கிறார்.

72 பவுண்டு, வாட் சேர்க்காமல். கார்பனும் துருப்பிடிக்காததும் ஒரே விலை. சோதனைப் பட்டியலைப் படித்துவிட்டு, இப்படிக் கேட்டால் ஒரு கத்திக்கு அரை மணி நேரம் கூடும், அது இந்த விலைக்குள் இருக்கிறது என்றார்.

கணக்குப்பிள்ளை

72 என்றால் மொத்தம் 92. பிரிட்டனில் உள்ளவர்களுக்கு 72க்கு வாட் 14.40 சேர்ந்து 106.40. எல்லை தாண்டுகிறது. மாற்று ஒதுக்கீடு 5ஐக் குறைக்க நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வெளிநாட்டில் இருக்கும் நாம் ஆளுக்கு 97 கொடுத்தால், அந்தக் கூடுதல் 5 மாணவர்களின் வாட்டுக்குப் போதும். பிரிட்டனில் சம்பாதிப்பவர்கள் தங்கள் வாட்டைத் தாங்களே கட்டட்டும்.

ஹாம்பர்க்_அக்கா

97க்கு நான் தயார்.

வேளச்சேரி_அக்கா

நானும். இரண்டு கத்திக்கும் சேர்த்தே. இரண்டும் துருப்பிடிக்காதது.

பொதிகை_வாசி

பிரிட்டனில் வேலையில் இருப்பவர்கள் 106.40 கட்டவேண்டி வருவதால், நான் வைத்த எல்லை அவர்களுக்கு மட்டும் தளர்கிறது. அவர்கள் சம்மதமா என்று தனியாகக் கேட்டு வருகிறேன். மற்றவர்கள் கார்பனா, துருப்பிடிக்காததா, எத்தனை, எந்த நாடு என்று இந்த இழையிலேயே எழுதுங்கள். ஞாயிறு இரவு பட்டியலை மூடி, மாதிரிக் கத்திக்கான பணத்தைத் திங்கள் காலை லீட்ஸ் தம்பிக்கு அனுப்புகிறேன். எனக்கு கார்பன் ஒன்று.